பந்தைத் தொடாதவனுக்கு முதல் பொன்னாடை

எசன்,
யூலை 23

அன்பு மகள் நிருஷாவுக்கு,

இங்கு மூன்று பேரும் சுகம், நீயும் அங்கே சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். நியூசிலாந்தில் இப்போது மாரிகாலம் என்பதை அப்பா இன்னும் முழுதாக நம்பவில்லை, யூலை மாதத்தில் நீ கம்பளிக் காலுறை கேட்டதைப் பகிடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆறு சோடி வாங்கிவிட்டேன், தனிப் பொதியாக வரும். அவருக்கு இரத்த அழுத்தம் பரவாயில்லை, இன்னும் இரண்டு வருடத்தில் பஸ் ஓடுவதை விடப்போவதாகச் சொல்கிறார், இதைத்தான் ஐந்து வருடமாகச் சொல்கிறார். மேல்மாடி ஷ்மிட் அம்மா நாங்கள் மஞ்சள் குப்பை வாளிக்குள் என்ன போடுகிறோம் என்று இன்னும் எட்டிப் பார்க்கிறார், முப்பது வருடமாக ஒரு பிழையும் பிடிக்க முடியாத கவலை அவருக்கு. ஆஸ்பத்திரியில் எங்கள் எலும்பு முறிவுப் பிரிவில் இரண்டு தாதிகள் குறைவு, அதனால் எனக்கு வேலை கூட. மற்றப்படி குறையில்லை. உன் தம்பி கவிஷனின் தோள் இரண்டும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றன. இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான், கொஞ்சம் நீளமாகப் போகும், தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்திருந்து வாசி.

அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. சித்திரை மாதம் வரை எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் எசன் தமிழ் ஒன்றியத்தின் செயற்குழுவுக்கு இன்றைக்கும் ஒன்றும் தெரியாது, ஆனால் தெரியாத விஷயத்தில் கருத்துச் சொல்லாமல் இருந்த பழக்கம் அதற்கு என்றைக்குமே கிடையாது. ஆறு நகரத்துத் தமிழ் ஒன்றியங்கள் சேர்ந்து வருடா வருடம் நடத்தும் விளையாட்டு விழா உனக்கு நினைவிருக்கும், உதைபந்தாட்டம், வலைப்பந்து, கயிறிழுத்தல், பிறகு மூன்று மணித்தியாலம் நன்றியுரை. இந்த வருடம் இங்கே பிறந்து வளர்ந்த பெடியன்கள் அமெரிக்கக் கால்பந்தும் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். ஜெர்மன் கழகங்களில் அதைச் சின்னனில் இருந்து விளையாடுகிற பெடியன்கள் நூற்றிமுப்பது பேர் பெயர் கொடுத்தார்கள். முந்திய வருடங்களில் டோர்ட்மண்ட் ஒன்றியம் நல்ல உதைபந்தாட்டக்காரரை எல்லாம் இரகசியமாகக் கூப்பிட்டுத் தன் பக்கம் எடுத்துவிடும், அந்தச் சண்டை ஒரு கலியாண வீடு வரைக்கும் போனது. அதனால் இந்த முறை அமெரிக்கர் செய்வது போலச் செய்வோம் என்று பெடியன்களே ஒரு ஒழுங்கு கொண்டுவந்தார்கள். பந்தை எறிகிறவன் ஒருவனை மட்டும் ஒவ்வொரு நகரமும் தன்னுடையவனாக வைத்துக்கொள்ளலாம். மற்ற எல்லாரும் ஒரே பட்டியலில். ஒன்றியங்கள் முறைவைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எடுக்கவேண்டும், ஆறாவது வரை போய் ஆறாவதிலிருந்து திரும்பி வரும். டிராஃப்ட் என்று அதற்குப் பெயர். சீட்டுக் குலுக்கியபோது முதல் முறை எசனுக்கு விழுந்தது, அப்படியென்றால் எங்கள் அடுத்த முறை பன்னிரண்டாவது. எசனின் எறிகிறவன் கவிஷன்.

அவன் தோள் போன ஐப்பசியில் ஒருதரம் கழன்றதை உனக்குத் தொலைபேசியில் சொன்னேன், எவ்வளவு மோசம் என்று சொல்லவில்லை. இன்னொருதரம் கழன்றால் வெட்டிச் சரிப்படுத்த வேண்டும், ஆறு மாதம் கையைத் தலைக்கு மேலே தூக்க ஏலாது என்று எங்கள் பிரிவு டொக்டரே படத்தைக் காட்டிச் சொன்னார். மின்சார வேலை பழகுகிறவன் கையைத் தலைக்கு மேலே தூக்காமல் என்ன வேலை செய்வது, அவனுடைய அவுஸ்பில்டுங், அந்தத் தொழிற்பயிற்சி, இந்த மாரியோடு முடிகிறது, தை மாதம் கடைசிச் சோதனை. விளையாடாதே என்று சொல்லிப் பார்த்தேன். பத்தொன்பது வயது, சட்டப்படி அவன் தோள் அவனுடையது. விளையாட்டை நிற்பாட்ட முடியாவிட்டால் விளையாட்டைப் படிப்பது என்று முடிவு செய்தேன். மூன்று வாரம் வேலை முடிந்து வந்து காணொளி பார்த்தேன். எறிகிறவன் வலது கையால் எறிகிறவன் என்றால் எறியத் திரும்பும்போது அவனுடைய முதுகு இடது பக்கம் பார்க்கும். அந்தப் பக்கத்தால் வருகிறவனை அவன் காணமாட்டான். காணாத அடிக்கு உடம்பு தயாராக இருக்காது, எங்கள் வார்ட்டுக்கு வருகிற முறிவுகளில் பாதி அப்படி வந்தவைதான். அந்த இடது ஓரத்தில் நின்று வருகிறவனை மறிக்க ஒருவன் இருக்கிறான், ஒஃபென்சிவ் டாக்கிள் என்பார்கள். பெரிய உடம்பும் வேண்டும், நடனக்காரி போலக் காலும் வேண்டும். அவன் பந்தைத் தொடுவதில்லை. சாதாரணமாக, எறிகிற பந்தைப் பிடிக்க விதியே அவனை விடாது. அவன் தன் வேலையைச் சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது.

நூற்றிமுப்பது பேரின் பட்டியலை எடுத்து நான் ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்து பார்த்தேன். வேகமாக ஓடுகிற மெலிந்த பெடியன்கள் ஐம்பது பேருக்கு மேல், எங்கள் சமூகத்தில் அதற்குப் பஞ்சமில்லை. அந்த இடது ஓரத்தில் நிற்கக்கூடியவன் ஒருவன்தான் இருந்தான். பென்ஜமின், மன்னார்க் குடும்பம், ஒரு மீற்றர் தொண்ணூற்றி நாலு உயரம், நூற்றிருபத்தெட்டுக் கிலோ, வீடு மாற்றுகிற கம்பனி ஒன்றில் பியானோ தூக்குகிறான். அவன் விளையாடுவதைப் போய்ப் பார்த்தேன். அத்தனை கிலோவும் பூனை மாதிரிப் பக்கவாட்டில் நகர்கிறது. ஐம்பது பேர் இருக்கிற சாமானை நாளைக்கும் வாங்கலாம், ஒன்றே ஒன்று இருக்கிற சாமானை இன்றைக்கே வாங்க வேண்டும், இதைக் கடைக்குப் போகிற எந்தப் பெண்ணும் அறிவாள். ஆனால் முடிவெடுக்கிறது செயற்குழு.

செயற்குழுவில் நான் மகளிர் பிரதிநிதி. ஏழு பேரில் நான் ஒருத்தி, மகளிரை எதற்காகப் பிரதிநிதித்துவப்படுத்துகிறேன் என்று இதுவரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, ஆனால் கூட்டம் தொடங்கமுதல் தேத்தண்ணிக் கேத்தல் என் பக்கம்தான் வைக்கப்படும். தலைவர் விமலநாதன் அண்ணையை உனக்குத் தெரியும், உன் தமிழ்த்தினப் பேச்சுப் போட்டியில் நடுவராக இருந்து நித்திரை கொண்டவர். கூட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்திலேயே விஷயம் எங்கே நிற்கிறது என்று விளங்கிவிட்டது. முதலாவதாகக் கூப்பிடப்படுகிற பெடியனை மேடைக்கு ஏற்றிப் பொன்னாடை போர்த்துவது என்று ஆறு தலைவர்களும் ஏற்கெனவே தீர்மானித்திருந்தார்கள். அமெரிக்கரின் ஒழுங்கில் அப்படி ஒன்று இல்லை, ஆனால் எங்களுக்கு ஒரு மேடையும் ஒரு வரிசையும் கிடைத்தால் அதில் முதலில் நிற்பது மரியாதையாகிவிடும், மங்கள விளக்கு ஏற்றுகிற வரிசையைப் போல. ஆகவே எந்தப் பெடியன் அணிக்குத் தேவை என்பது அங்கே கேள்வியாக இருக்கவில்லை. எந்தக் குடும்பம் மேடையில் முதலில் ஏறுவது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை கையோடு இருந்தது. தலைவரின் பெறாமகன், தம்பியின் மகன் நிருஜன், பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன். அவன் ஓடுகிற காணொளியை நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். அவன் பிழையான பெடியன் இல்லை, ஒரு குறையும் சொல்ல மாட்டேன், அவனைப் போல இன்னும் நாற்பத்தொன்பது பேர் இருந்தார்கள் என்பது மட்டும்தான்.

நான் பென்ஜமினின் பெயரை முன்மொழிந்தேன். முதலில் யார் அது என்று கேட்டார்கள். சொன்னேன். அவன் என்ன செய்வான் என்று கேட்டார்கள். மறிப்பான் என்றேன். பந்து எப்போது அவனுக்கு வரும் என்று செயலாளர் கேட்டார். வராது என்றேன். பிறகு விமலநாதன் அண்ணை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தங்கச்சி, பந்தைத் தொடாதவனுக்கு முதல் பொன்னாடையோ, சனம் என்னத்தைப் பாத்துக் கை தட்டுறது என்று கேட்டார். அவன் நன்றாக நின்றால் கவிஷன் விழமாட்டான், அதைப் பார்த்துத் தட்டலாம் என்றேன். விழாமல் நிக்கிறதுக்கு ஆரும் கை தட்டுவினமோ, நாங்கள் எல்லாரும் விழாமல்தானே நிக்கிறம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் வார்ட்டில் ஒன்றுமே நடக்காத நாளைத்தான் நல்ல நாள் என்போம் என்று நான் சொன்னது குறிப்பேட்டில் பதியப்படவில்லை. பொருளாளர் மரியரட்ணம் அண்ணை, அவர் கொஞ்சம் யோசிக்கிற மனிதர் என்று அதுவரை நினைத்திருந்தேன், குண்டுப் பெடியள் கடைசியிலும் கிடைப்பினம், அவையளை ஆர் முதல்ல எடுக்கப்போகினம் என்று தீர்த்து வைத்தார். வாக்கெடுப்பு ஆறுக்கு ஒன்று. பிறகு பொன்னாடை பட்டா சாதாரணமா என்பதை ஐம்பது நிமிடம் ஆராய்ந்தார்கள்.

வீட்டுக்கு வந்து கவிஷனிடம் சொன்னபோது அவன் என் பக்கம் நிற்பான் என்று நினைத்தேன். அம்மா, ஒருத்தன் நிண்டால் அவங்கள் மற்றப் பக்கத்தால வருவாங்கள், மறிக்கிறதுக்கு அஞ்சு பேர் வேணும், ஒருத்தனை மட்டும் முதல்ல எடுத்து என்ன செய்யிறது என்றான். இது செயற்குழு சொன்ன எல்லாவற்றையும் விட அறிவுள்ள பேச்சு என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஒருத்தரும் காவல் நிக்கத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனான். காணுகிற பக்கத்தால் வருகிற அடிக்கு நீ குனியலாம், காணாத பக்கத்துக்கு எப்படிக் குனிவாய் என்று கதவுக்குச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

டிராஃப்ட் நாள் வந்தது. எசன் நிருஜனைக் கூப்பிட்டது, பொன்னாடை பட்டுத்தான், படம் எடுத்தார்கள், தலைவர் கண் கலங்கினார். இரண்டாவதாக டுசல்டோர்ஃப், மூன்றாவதாக ஹாகன், எல்லாரும் ஓடுகிறவர்கள். நான்காவதாக டோர்ட்மண்ட் பென்ஜமினைக் கூப்பிட்டது. அந்தக் கூட்டத்திலும் ஒரு அறிவாளி இருக்கிறார் என்று நினைத்தேன். இடைவேளையில் டோர்ட்மண்ட் தலைவரிடம் போய்ப் பாராட்டினேன், ஏன் அவனைத் தெரிவு செய்தீர்கள் என்று கேட்டேன். காலமை மண்டபத்துக்குள்ள வரேக்க பாத்தன் தங்கச்சி, இருபது கதிரையை ஒரே தரத்தில தூக்கிக்கொண்டு வாறான், எங்கட ஆண்டுவிழாவுக்கு நல்ல உதவி என்றார். சரியான முடிவுக்குப் பிழையான வழியால் வந்து சேர்கிற வித்தையை எங்கள் ஆட்கள் எங்கே படிக்கிறார்கள் என்று தெரியவில்லை. எசன் கடைசி முறையில்தான் இடது ஓரத்துக்கு ஒருவனை எடுத்தது. நல்ல பிள்ளை, எழுபத்தொரு கிலோ, தகப்பன் நாள்தவறாமல் ஒன்றியத்துக்கு வருகிறவர்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். டிராஃப்ட் முடிந்து இரண்டு வாரத்துக்குள் இரண்டு ஒன்றியங்கள் சம்மதித்தால் எறிகிறவர்களை மாற்றிக்கொள்ளலாம் என்று விதியில் ஒரு வரி இருந்தது. விதியை வாசித்தது நானும் அதை எழுதிய பெடியனும் மட்டும்தான். டோர்ட்மண்டின் எறிகிறவன் அபிராம், இருபத்தொரு வயது, உயரம், நல்ல தலைமயிர், உள்ளூர் ஜெர்மன் பத்திரிகையில் அவன் படம் ஒருதரம் வந்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் நான் அந்தப் படத்தை வெட்டிக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அண்ணை, நான் தாய் எண்டு பாராமல் சொல்லுறன், கவிஷனுக்கு மேடையில நிக்கிற எடுப்பு இல்லை, எறியிறதும் அவ்வளவு நம்ப ஏலாது, நிருஜன் மாதிரி ஒரு பிள்ளைக்குப் பந்து குடுக்கிறதுக்கு இப்பிடி ஒருத்தன் வேணும் என்றேன். என் வாழ்க்கையில் அந்தச் செயற்குழு நான் சொன்னதை முழுதாகக் கேட்டது அந்த ஒரு முறைதான். விமலநாதன் அண்ணை படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார், சுலோஜனாவின்ர பெருந்தன்மையைக் குறிப்பில எழுதுங்கோ என்று செயலாளரிடம் சொன்னார். டோர்ட்மண்ட் சும்மா சம்மதிக்கவில்லை. விழா நாளில் மங்கள விளக்கின் முதல் திரியைத் தங்கள் தலைவர்தான் ஏற்றவேண்டும் என்று கேட்டது. இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் ஒரு திரிக்கு இரண்டு பிள்ளைகள் மாறினார்கள்.

வாக்கெடுப்புக்கு முன் நான் சொன்ன ஒரு நல்ல வாதத்தை அவர்கள் குறிப்பில் எழுதவில்லை என்று சொன்னேன் அல்லவா, கவிஷனைப் பற்றி நான் சொன்ன இதை மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி வட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். கவிஷன் வேலை முடிந்து வந்து, சப்பாத்துக் கழற்றாமலே கையில் போனோடு குசினி வாசலில் நின்றான். அம்மா, இது நீங்கள் சொன்னதோ என்று கேட்டான். ஓம் என்றேன். உண்மையா நினைச்சுத்தான் சொன்னீங்களோ என்று கேட்டான். உள்ளதைச் சொல்லியிருந்தால் அவன் அடுத்த நாளே எசனுக்குத் திரும்பிப் போயிருப்பான், காவலுக்குள் நிற்கமாட்டேன் என்று. அதனால் அதற்கும் ஓம் என்றேன். அன்றிலிருந்து நின்றபடி சாப்பிட்டான். கிழமையில் மூன்று நாள் ரயிலில் டோர்ட்மண்ட் போய்ப் பயிற்சி செய்துவிட்டு வந்தான், போறன், வாறன் இரண்டையும் அப்பாவிடம் மட்டும் சொன்னான். நீ அந்த நாட்களில் தொலைபேசி எடுத்தபோது கவிஷன் குளிக்கிறான் என்று நான் சொன்னதெல்லாம் பொய், இத்தனை தரம் ஒருவன் குளிக்க மாட்டான் என்று நீ யோசித்திருக்க வேண்டும்.

விழா போன சனிக்கிழமை. விளக்கு வரிசை பிழைக்காமல் ஏற்றினார்கள். நான் எசன் பக்கத்து வாங்கில் மருந்துப் பெட்டியோடு இருந்தேன், அணிகளின் தாதி நான்தான். காலையில் டோர்ட்மண்டின் ஆட்டம். உன் தம்பி எறியத் திரும்பும் ஒவ்வொரு முறையும் இடது பக்கத்தால் ஒருவன் பாய்ந்து வந்தான், ஒவ்வொரு முறையும் பென்ஜமின் அவனை ஏதோ அலுமாரியை ஓரமாக்குவது போல ஓரமாக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. சனம் கை தட்டவில்லை, விமலநாதன் அண்ணை அதில் மட்டும் சரி. ஆட்டம் முடிந்தபோது கவிஷனின் சட்டையில் புல்லுக் கறை ஒன்றுகூட இல்லை. நான் எதிர் வாங்கில் இருந்துகொண்டு அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு சந்தோசமாக நான் இருந்து கனகாலம்.

மத்தியானத்துக்குப் பிறகு எசனின் ஆட்டம். மூன்றாவது எறிதலிலேயே எழுபத்தொரு கிலோப் பிள்ளை மல்லாக்க விழுந்தான், அவனைத் தாண்டி வந்தவன் அபிராமின் முதுகில் மோதினான். நான் பார்த்த காணொளிகளில் எல்லாம் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்திருக்கிறேன், அதனால் அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஓடிப் போய் முழங்காலில் இருந்தபோது அந்தப் பிள்ளை கத்தவில்லை, அன்ரி, என்ர கை, என்ர கை என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். வலது காறை எலும்பு. நான் கட்டுப் போட்டேன். நல்ல கட்டு. அவன் மிருதங்கம் வாசிக்கிறவன். புரட்டாதியில் அவன் அரங்கேற்றம், அழைப்பிதழ் எங்கள் குளிரூட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. நான் பத்திரிகைப் படத்தை வெட்டிய நாளில் கத்தரிக்கோலை எடுத்த லாச்சியும் அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, நிருஷா. அழைப்பிதழ் அன்றைக்கும் அதில் இருந்தது.

அபிராமின் தாய் சிவகௌரியை உனக்குத் தெரியாது, டோர்ட்மண்டில் முதியோர் இல்லத்தில் சமையல் வேலை செய்கிறார், என்னை விட ஏழெட்டு வயது இளமை. ஆஸ்பத்திரியில் அவரோடு நான்தான் காத்திருந்தேன். அந்த மகனின் அரங்கேற்றத்துக்காக இரண்டு வருடம் ஓடியிருக்கிறார், பக்கவாத்தியக்காரர் யாழ்ப்பாணத்தில் இருந்து வருவதற்கு விசாவும் கிடைத்துவிட்டது, எல்லாம் தள்ளிப்போகிறது, வாசிக்கிற கை பழையபடி வருமா என்பதை ஒருவரும் இப்போது சொல்ல ஏலாது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நல்லகாலம் அக்கா, உங்கட பிள்ளை அதில இல்லை, அவனுக்கு முதலே தோள் பழுதாம். அவன் அந்த இடத்தில நிண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்."

அவர் குத்திச் சொல்லவில்லை. அந்த மனிசிக்குக் குத்தத் தெரியாது. அடுத்த நாள் கட்டுப் போட்டதற்கு நன்றி என்று அடுக்குச் சட்டியில் இடியப்பமும் சொதியும் அனுப்பியிருந்தார். அப்பா சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை.

புதன்கிழமை செயற்குழு கூடியது, காரணத்தை ஆராய. ஒரு மணித்தியால ஆராய்ச்சியின் முடிவு, முதல் திரியை விட்டுக் கொடுத்ததால்தான் எசனுக்கு இப்படி ஆனது, அடுத்த வருடம் விளக்கு எங்களிடம் இருக்கவேண்டும். அபிராமுக்கு ஒரு பொன்னாடை, நிருஜனுக்கு மன ஆறுதலுக்கு இன்னொன்று. இடது ஓரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அடுத்த டிராஃப்டில் யாரை முதலில் எடுப்பது என்று செயலாளர் கேட்க, இப்ப அவசரம் என்ன, முதல்ல மண்டபம் கிடைக்குதோ பாப்பம் என்றார் தலைவர். பிறகு என்னைப் பார்த்து, கடவுள் உங்கட பிள்ளையைக் காப்பாத்திப்போட்டார் தங்கச்சி என்றார். நான் வழக்கம்போலக் கேத்தலைத் தூக்கி அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினேன்.

அன்று வீட்டுக்கு வந்தபோது கவிஷன் குசினிக் கதிரையில் இருந்தான். இருந்தான், நிற்கவில்லை, ஏழு கிழமைக்குப் பிறகு. பென்ஜமின்ர பக்கம் எண்டுதானே என்னை அனுப்பினனீங்கள் என்று கேட்டான். ஓம் என்றேன், இந்த முறை உண்மையான ஓம். நன்றி சொல்லுவான் என்று ஒரு நொடி எதிர்பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு, "அப்ப அபிராமை எந்தப் பக்கம் அனுப்பிறம் எண்டும் தெரியும்தானே அம்மா. அவங்கட வீட்டில ஆர் சொல்லுறது?" என்று கேட்டான். நான் சொல்லுறன் என்றேன். தானும் வாறன் என்றான். வேண்டாம் என்றேன், இது அவன் அறியாமல் நான் செய்த வேலை.

இந்தக் கடிதம் முழுக்க விமலநாதன் அண்ணையையும் கூட்டத்தையும் நக்கலடித்துத்தான் எழுதியிருக்கிறேன், அதில் ஒரு சொல்லையும் திருப்பி எடுக்கமாட்டேன், அவர்கள் மடையர்கள். ஆனால் அந்த ஆறு பேருக்கும் அந்த ஓரத்தில் நிற்கிற பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. அந்த மேசையில் அது தெரிந்த ஆள் ஒருத்திதான் இருந்தாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இல்லை, காலை ரயிலில் சிவகௌரி வீட்டுக்குப் போகிறேன். அவரது சட்டியைக் கழுவி வைத்திருக்கிறேன், வெறுஞ்சட்டியாகத்தான் கொண்டு போகிறேன், எதையாவது சமைத்துப் போட்டுக் கொண்டுபோனால் அது விலை பேசப் போனது போல இருக்கும். வாசலில் விடாவிட்டால் வாசலில் நின்று சொல்லுவேன். இதை நான் ஏன் தொலைபேசியில் சொல்லாமல் எழுதுகிறேன் என்று கேட்பாய். தொலைபேசியில் சொன்னால் நீ என் பக்கம் பேசுவாய், அம்மா நீங்கள் தாய்தானே, வேறு என்ன செய்திருப்பீர்கள் என்பாய், நான் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவேன். இது உன் கைக்கு வர மூன்று கிழமை. அதற்குள் சொல்லி முடித்திருப்பேன், நீ தடுக்க ஏலாது. எடுத்தால் கவிஷனோடு கதை, அவன் இப்போது உண்மையாகவே குளித்துவிட்டு வந்து பதில் சொல்லுவான்.

நீ உடம்பைக் கவனித்துக்கொள், வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டை விடாதே. உன் கடவுச்சீட்டு மாசியில் முடிகிறது, தூதரகத்தில் டெர்மின், போய்ச் சந்திக்க நாளும் நேரமும், இப்போதே எடுத்து வை, கடைசிக் கிழமையில் ஓடாதே. உனக்கு நல்ல மனிதரும் நல்ல அயலும் என்றைக்கும் அமைய வேண்டும், உன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் நல்லவர்களாக இருக்க வேண்டும், அவர்கள் உனக்காகச் செய்கிற எதையும் இன்னொரு பிள்ளையின் தலையில் செய்யாதவர்களாகவும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அப்பா தன் அன்பையும், காலுறை போட்ட படம் ஒன்று அனுப்பு என்பதையும் சொல்லச் சொன்னார்.

என்றும் அன்புடன்
உன் அம்மா
சுலோஜனா